ஆறில் ஒரு பங்கு அளவில் நாகேஷ்: நடிகரின் ஜாடையில் ஆக்‌ஷன் ஃபிகர் தலை வடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் கிடைக்காத ஒரு நடிகரின் தலையைத் தாமே வடித்து, தனியாக விற்கப்படும் பொம்மை உடலில் பொருத்திக்கொள்ள வேண்டும் என்ற ஆசை ஆக்‌ஷன் ஃபிகர் எனப்படும் கைகால் அசையும் உருவப் பொம்மைகளைச் சேகரிப்பவர்களில் பலருக்கு உண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொதுப்படையாகப் பேசினால் பயன் குறையும் என்பதால், பெரும்பாலான விடைகளில் ஒரே முகத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். அது 1960-களின் நடுப்பகுதியில் திரையில் தோன்றிய நாகேஷின் முகம்.

தலையை எந்த அளவில் செய்ய வேண்டும்?

சேகரிப்பாளர்களிடையே அதிகம் புழங்குவது ஆறில் ஒரு பங்கு அளவு. ஆறடி மனிதர் 12 அங்குலப் பொம்மையாகிறார். 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட ஜி.ஐ. ஜோ பொம்மையும் இந்த உயரம்தான். 2000-இல் ஹாங்காங்கில் தொடங்கப்பட்ட ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்களும் இதே அளவில்தான் திரைப்பட நடிகர்களின் உருவங்களைச் செய்கின்றன. வளர்ந்த ஆணின் தலை மோவாயிலிருந்து உச்சி வரை ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் இருக்கும் என்று கொண்டால், பொம்மைத் தலை 38 மில்லிமீட்டர் உயரம் பெறும். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகு உண்மையான முகத்தில் ஆறு மில்லிமீட்டர் பிசகுக்குச் சமம். மூக்கு ஆறு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் அவர் வேறு மனிதர். ஆகவே மில்லிமீட்டரின் சிறு பங்கையும் அளக்கும் வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நாகேஷின் முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

சாதாரண அழகான முகத்தைவிடத் தனித்தன்மை மிகுந்த முகத்தில் ஜாடை பிடிப்பது எளிது என்பது ஒரு காரணம். ஒல்லியான முகம், ஒட்டிய கன்னங்கள், அவற்றின் மேல் எடுப்பாகத் தெரியும் கன்ன எலும்புகள், அம்மைத் தழும்புகள் என்று பிடித்துக்கொள்ளப் பல பிடிகள் அதில் உள்ளன. இன்னொரு காரணம், இன்றைய ஹாலிவுட் நடிகர்களுக்குப் படப்பிடிப்பின்போதே எடுக்கப்படும் முப்பரிமாண ஸ்கேன் போன்ற எந்த வசதியும் இல்லாமல், பழைய படங்களையும் பழைய புகைப்படங்களையும் மட்டுமே நம்பி வேலை செய்ய வேண்டிய நிலை இங்கே இருக்கிறது. இந்தச் சூழலில் ஜாடை பிடிக்கக் கற்றுக்கொண்டவர் எந்த முகத்தையும் செய்துவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முகம் என் மேசையில் இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். பிடித்த முகத்தை மட்டுமே வாரக்கணக்கில் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

ஆதாரப் படங்களை எப்படிச் சேர்ப்பது?

முதலில் வயதை முடிவு செய்யுங்கள். 1964-இன் நாகேஷும் 1990-களின் நாகேஷும் ஒரே பெயர் கொண்டவர்கள். ஆனால் சிற்பிக்கு அவர்கள் இரண்டு வேறு முகங்கள். கன்னத்தின் சதை இறங்குகிறது, காது மடல் நீள்கிறது, மூக்கின் நுனி தாழ்கிறது, உதடு மெலிகிறது. இரு காலத்துப் படங்களையும் கலந்து வைத்துக்கொண்டு வேலை செய்தால், எந்த வயதிலும் இல்லாத ஒருவர்தான் கிடைப்பார். ஒரு படம், முடிந்தால் அந்தப் படத்தின் ஒரு காட்சி என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. 'சர்வர் சுந்தரம்' 1964-இல் கறுப்பு வெள்ளையில் வந்தது. அதே ஆண்டு வந்த 'காதலிக்க நேரமில்லை' ஈஸ்ட்மென் கலரில் எடுக்கப்பட்டது. முகத்தின் வடிவத்தைப் படிக்க முதலாவதும், தோலின் நிறத்தை ஊகிக்க இரண்டாவதும் கைகொடுக்கும்.

புகைப்படங்களைவிட ஓடும் படத்திலிருந்து எடுக்கும் காட்சித் துணுக்குகளையே நான் அதிகம் நம்புகிறேன். விளம்பரப் புகைப்படங்களில் தழும்பும் சுருக்கமும் அழிக்கப்பட்டிருக்கும். ஒளியமைப்பும் முகத்தைத் தட்டையாக்கிவிடும். திரைப்படத்தில் நடிகர் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் நேர்முகத்திலிருந்து பக்கவாட்டு வரை தொடர்ச்சியான கோணங்கள் கிடைக்கின்றன. அந்தத் திருப்பத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, ஏழெட்டுக் கோணங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். நேர்முகம், முழுப் பக்கவாட்டு, முக்கால் முகம் ஆகிய மூன்றும் கட்டாயம் தேவை. இவற்றுடன் கீழிருந்து எடுக்கப்பட்ட ஒரு கோணம் கிடைத்தால் அது பெரும் பேறு. தாடையின் அடிப்பக்கமும் மூக்கின் அடிப்பக்கமும் அதில் மட்டுமே தெளிவாகத் தெரியும்.

ஒரே நடிகரின் முகம் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு அகலத்தில் தெரிகிறதே, ஏன்?

கேமரா எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே காரணம். அருகிலிருந்து எடுத்தால் மூக்கும் நடுமுகமும் பெருத்து, காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். தொலைவிலிருந்து எடுத்துப் பெரிதாக்கினால் முகம் அகன்று, காதுகள் முழுமையாகத் தெரியும். நேர்முகப் படங்களில் காதுகள் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்தாலே கேமராவின் தொலைவை ஓரளவு ஊகிக்கலாம். தொலைவிலிருந்து எடுக்கப்பட்டவற்றை அளவெடுக்கவும், மற்றவற்றைப் பாவனைக்கு மட்டும் பயன்படுத்தவும் ஒதுக்கிவிடுங்கள்.

இதே விதி உங்கள் சிற்பத்தைப் படமெடுக்கும்போதும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தலையை ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் கேமராவின் தொலைவையும் அதே பங்கில் குறைக்க வேண்டும். மூலப்படம் 2.4 மீட்டர் தொலைவில் எடுக்கப்பட்டிருந்தால், சிற்பத்தை 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். கைப்பேசியைப் பத்து சென்டிமீட்டருக்கு நெருக்கி எடுக்கும் படம், உண்மையான மனிதரை 60 சென்டிமீட்டரிலிருந்து எடுத்ததற்குச் சமம். அதில் எந்த முகமும் பருத்த மூக்குடன்தான் தெரியும். அதைப் பார்த்து மூக்கைச் செதுக்கிக் குறைத்துவிட்டுப் பிறகு வருந்த வேண்டியிருக்கும். கைப்பேசியைப் பின்னுக்கு நகர்த்தி, தேவையான பகுதியை மட்டும் பின்னர் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த நடிகரின் முக அளவுகளை எப்படித் தெரிந்துகொள்வது?

முகத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. வளர்ந்தவர்களின் கருவிழி வட்டத்தின் குறுக்களவு ஆளுக்கு ஆள் அதிகம் மாறுவதில்லை. அது 12 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். ஆறில் ஒரு பங்கில் அது 2 மில்லிமீட்டர். ஆகவே தெளிவான நேர்முகக் குளோசப் ஒன்றில் கருவிழியின் அகலத்தைக் கணினியில் அளந்து, அதை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். இரு கண்மணிகளுக்கு இடையே எத்தனை அலகு, வாயின் அகலம் எத்தனை அலகு, மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரை எத்தனை அலகு என்று எண்ணி, ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கினால் சிற்பத்தில் வர வேண்டிய மில்லிமீட்டர் கிடைத்துவிடும். கண்மணிகளுக்கு இடையே ஐந்தேகால் அலகு இருந்தால் சிற்பத்தில் பத்தரை மில்லிமீட்டர்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கருவிழி சிறியது என்பதால் அதை அளப்பதில் நேரும் சிறு பிழை எல்லா அளவுகளிலும் பெருகிவிடும். பல சட்டகங்களில் அளந்து சராசரி காண்பது நல்லது. அடுத்து, காதும் கன்ன எலும்பும் கண்ணைவிடப் பின்னால் இருப்பதால் படத்தில் அவை சற்றுச் சிறுத்தே தெரியும். கிடைத்த அளவுடன் சிறிதளவு கூட்டிக்கொள்ள வேண்டும். கிடைத்த எண்களை ஒரு தாளில் நேர்முகமாகவும் பக்கவாட்டாகவும் உண்மை அளவில் வரைந்து, வேலை முடியும் வரை கண்ணெதிரே ஒட்டி வையுங்கள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலையை மடித்து மடித்து அளவு குறித்துக்கொண்டு படிமத்தின் ஒவ்வோர் உறுப்பையும் தீர்மானிப்பார்கள். அந்த மரபின் அளவுகள் குறையற்ற தெய்வ வடிவத்துக்கு உரியவை. நாம் தேடுவது நேர் எதிரானது: பொது அளவிலிருந்து இந்த ஒரு மனிதர் எங்கெல்லாம், எவ்வளவு விலகுகிறார் என்பதை. ஆனால் எல்லாவற்றையும் ஓர் அலகின் மடங்காகக் காணும் ஒழுக்கம் இரண்டுக்கும் பொது.

எந்தக் களிமண் ஏற்றது?

பாலிமர் களிமண்ணையே பரிந்துரைப்பேன். அடுப்பில் சுடும் வரை காய்ந்து போகாது என்பதால் அவசரமின்றி வேலை செய்யலாம். சூப்பர் ஸ்கல்ப்பி என்ற பாலிமர் களிமண்ணின் தோல் நிற வகை சற்றே ஒளி ஊடுருவக்கூடியது. நுண்ணிய வடிவங்களின் நிழல் அதில் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. அதன் சாம்பல் நிற 'ஃபர்ம்' வகை இறுக்கமானது, நிழலைத் துல்லியமாகக் காட்டுவது, 38 மில்லிமீட்டர் தலைக்கு மிகப் பொருத்தமானது. சுட்ட பிறகு திருத்தங்கள் சேர்க்க, இரண்டு பகுதிகளைச் சம அளவில் பிசையும் எபாக்சி புட்டி உதவும். அப்பாக்சி ஸ்கல்ப்ட் எனப்படும் வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் வரை வளைந்து கொடுத்து, 24 மணி நேரத்தில் கல்லாக இறுகும். காற்றில் காயும் களிமண் இந்த அளவுக்கு உதவாது. காயும்போது சுருங்கி, எடுத்த அளவுகளையெல்லாம் வீணாக்கிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

மண்டையோட்டிலிருந்து. கண், மூக்கு, வாய் ஆகியவை முகத்தின் மேல் ஒட்டப்பட்டவை அல்ல. எலும்பின் மேல் படிந்தவை. மரக்கட்டையில் ஊன்றிய அலுமினியக் கம்பியின் நுனியில் அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, தலையைவிட எல்லாப் பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் சிறிதான முட்டை வடிவ உள்ளீடு செய்துகொள்ளுங்கள். அதன் மேல் மெல்லிய களிமண் படலம் பூசி ஒருமுறை சுட்டுவிட்டால், பின்னர் அழுத்தும்போது உள்ளீடு நசுங்காது. அதற்கு மேல் நெற்றி, புருவ மேடு, கண்குழி, கன்ன எலும்பு, தாடை என்று மண்டையோட்டின் பெரிய தளங்களை மட்டும் கட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் சிற்பத்துக்குக் கண்ணும் இருக்காது, உதடும் இருக்காது. ஆனாலும் கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அது நாகேஷின் தலை என்று ஊகிக்க முடிய வேண்டும். நெற்றியின் அகலத்துக்கும் தாடையின் குறுகலுக்கும் உள்ள விகிதம், கன்ன எலும்புக்குக் கீழே விழும் பள்ளம், பக்கவாட்டில் நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் வரிசையாக வரையும் கோடு ஆகியவை சரியாக இருந்தால் அந்த ஊகம் தானே எழும். எழாவிட்டால் மேலே செல்ல வேண்டாம். ஜாடையின் பெரும்பகுதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. பின்னால் வரும் எந்த நுணுக்கமும் இங்கே நேர்ந்த பிழையை மறைக்காது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது, ஒரு கண்ணை முழுமையாக முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்வதில். அழகாக முடித்த கண்ணை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்த யாருக்கும் மனம் வருவதில்லை. கண்ணைக் காப்பாற்ற முகத்தையே மாற்றத் தொடங்கிவிடுவார்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் ஜாடை வரவில்லையே, என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலில் சிற்பத்திலிருந்து விலகுங்கள். ஒரே முகத்தை நெடுநேரம் பார்க்கும் கண், பிழைக்குப் பழகிவிடுகிறது. மறுநாள் அதைக் கண்ணாடியில் பாருங்கள். ஆதாரப் படத்தையும் இடவலமாகத் திருப்பி அருகில் வையுங்கள். பழகிய பிழை உடனே கண்ணில் படும். தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பின்னர் ஒளியை மூலப்படத்தில் விழும் திசையிலேயே விழச் செய்து, முன்பு சொன்ன தொலைவில் படமெடுத்து, கணினியில் மூலப்படத்தின் மேல், அடியில் உள்ளதும் பாதி தெரியும்படி வைத்து ஒப்பிடுங்கள். ஒளியின் திசை மாறினால் சரியான சிற்பமும் வேறு ஆளாகத் தெரியும்.

அதன் பிறகும் குறை தெரியாவிட்டால், உறுப்புகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடங்களைப் பாருங்கள். மூக்கின் அடிக்கும் மேலுதட்டுக்கும் உள்ள தூரம், புருவத்துக்கும் மேல் இமைக்கும் உள்ள தூரம், வாயோரத்துக்கும் கன்னப் பள்ளத்துக்கும் உள்ள தூரம் ஆகியவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும். மூக்கு, வாய், கண் மூன்றும் தனித்தனியே குறையற்று அமைந்து, மேலுதட்டு இடைவெளி மட்டும் அரை மில்லிமீட்டர் கூடியதால் முகம் தவறிப் போவது உண்டு.

இன்னொரு பெரிய காரணம், இருபுறமும் ஒன்றுபோல் செய்துவிடுவது. எந்த மனித முகமும் அப்படி இல்லை. ஒரு புருவம் உயர்ந்திருக்கும், ஒரு வாயோரம் தாழ்ந்திருக்கும், மூக்குத் தண்டு சற்றே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். நேர்முகப் படத்தை நடுவில் வெட்டி, இடப்பாதியை அதன் கண்ணாடி பிம்பத்துடனும் வலப்பாதியை அதன் கண்ணாடி பிம்பத்துடனும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு மனிதர்கள் தெரிவார்கள். அவர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைத்தான் நீங்கள் வடிக்க வேண்டும்.

அடையாளத்தை ஜாடை என்று எண்ணிவிடுவதும் பொதுவான தவறு. எம்.ஜி.ஆருக்கு மோவாயில் குழி உண்டு. எந்த முகத்தில் அந்தக் குழியை இட்டாலும் பார்ப்பவர் எம்.ஜி.ஆரைச் செய்ய முயன்றிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார், அதை எம்.ஜி.ஆர் என்று சொல்ல மாட்டார். நாகேஷின் அம்மைத் தழும்பும் அத்தகையதே. தழும்பை இடும் முன்பே அது நாகேஷாக இருக்க வேண்டும்.

கண்களை எப்படிச் செய்வது?

கண்விழி 24 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது; பொம்மையில் 4 மில்லிமீட்டர். அந்த அளவில் களிமண் உருண்டைகளைத் தனியே செய்து சுட்டு, கண்குழிகளில் பதித்து, இமைகளைச் சிறு துண்டுகளாக அவற்றின் மேல் போர்த்துங்கள். உருண்டை இல்லாமல் கண்ணைத் தட்டையாகக் கீறியவர்களின் பொம்மை எப்போதும் ஓவியம் போலவே நிற்கும். இமையின் விளிம்புக்கு ஒரு கனம் உண்டு. ஆறில் ஒரு பங்கில் அது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், அந்த விளிம்பு இருந்தால்தான் அதன் நிழல் விழியின் மேல் விழுந்து பார்வைக்கு ஆழம் வரும்.

இயல்பாக விழித்திருக்கும்போது மேல் இமை கருவிழியின் உச்சியைச் சிறிது மூடியிருக்கும். கீழ் இமை கருவிழியின் அடியைத் தொட்டு நிற்கும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் அது திகைப்பு. நாகேஷ் திகைத்து நிற்கும் காட்சியைச் செய்கிறீர்கள் என்றால் அது சரி. இல்லையென்றால் மேல் இமையைக் கால் மில்லிமீட்டர் இறக்குங்கள்.

சிரித்த முகமா, அமைதியான முகமா?

முற்றிலும் அசைவற்ற முகம் நாகேஷுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. கைகால்களும் முகத்தின் ஒவ்வொரு தசையும் சேர்ந்து நடித்த கலைஞர் அவர். ரசிகர்கள் அவரை நினைக்கும்போது அசையும் முகத்தைத்தான் நினைக்கிறார்கள். அதே நேரம், வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தைத் தொடக்கநிலையில் எடுத்துக்கொள்வதும் ஆபத்து. சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழ் இமையைத் தள்ளுகிறது, கண் குறுகுகிறது, மூக்கின் மடல்கள் விரிகின்றன, மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்பு ஆழமாகிறது. வாயை மட்டும் சிரிக்க வைத்து மற்றவற்றை அப்படியே விட்டால் முகம் பொய்யாகிவிடும்.

வசனம் பேசத் தொடங்கும் கணத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு புருவம் சிறிது உயர்ந்து, உதடுகள் மயிரிழை பிரிந்து, பார்வை எதிரே இருப்பவரின் மேல் நிலைத்திருக்கும் கணம் அது. பற்கள் தெரிந்தால் ஒவ்வொரு பல்லையும் பிரித்துக் கீற வேண்டாம். ஒரே பட்டையாகச் செய்து, கீழ் விளிம்பில் மட்டும் சிறு ஏற்ற இறக்கம் காட்டினால் போதும்.

அம்மைத் தழும்புகளையும் தோலின் தன்மையையும் எப்படிக் காட்டுவது?

மூன்று மில்லிமீட்டர் தழும்பு இந்த அளவில் அரை மில்லிமீட்டர். சாதாரணத் தோல் துளையோ கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே தோலை நகலெடுக்க முடியாது, உணர்த்தத்தான் முடியும். களிமண்ணின் மேல், உணவை மூடப் பயன்படும் மெல்லிய கிளிங் ஃபிலிமைப் போர்த்தி, அதன் மேலிருந்து கடினமான பல்துலக்கியால் லேசாகத் தட்டினால் கூர்மையற்ற, இயல்பான மேற்பரப்பு வரும். தழும்புகளுக்கு, ஊசியின் முனையில் அரை மில்லிமீட்டர் உருண்டை கொண்ட கருவியால் அதே ஃபிலிமின் மேலிருந்து அழுத்துங்கள். ஃபிலிம் இல்லாமல் நேரடியாகக் குத்தினால் விளிம்பு கூராகி, தழும்பு துளையாகத் தெரியும்.

அவற்றைச் சீராகப் பரப்பாதீர்கள். கன்னத்தில் சில இடங்களில் நெருங்கியும், சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று படிந்தும், சில இடங்களில் ஒன்றுகூட இல்லாமலும் இருக்கட்டும். திரையில் ஒப்பனை அவற்றைப் பெருமளவு மறைத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒளி விழும் காட்சிகளில் மட்டும் வெளிப்படும். பொம்மையிலும் அப்படியே, மேசை விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் தெரிய வேண்டும். அந்த முகத்தோடு திரைக்கு வந்து நாயகனாகவும் நின்ற ஒருவரின் தழும்புகளைக் கேலிச்சித்திரம் போல் பெரிதுபடுத்துவது மரியாதையும் அல்ல, உண்மையும் அல்ல.

முடியை எப்படிச் செய்வது?

முதலில் திரள், பிறகு திசை, கடைசியில்தான் இழை. தலைமுடியை நாலைந்து பெரிய திரள்களாகப் பிரித்து, பின்னோக்கி வாரப்பட்ட ஓட்டத்தை அவற்றில் காட்டிவிட்டு, சில இடங்களில் மட்டும் ஊசியால் இழைகளைக் கீறுங்கள். தலை முழுவதும் ஒரே இடைவெளியில் கோடு போட்டால் அது முடியாக இருக்காது. நெற்றியில் முடி தொடங்கும் எல்லையைப் படிப்படியாக மெலியச் செய்வது முக்கியம்; அங்கே படிக்கட்டு விழுந்தால் தொப்பி வைத்ததுபோல் ஆகிவிடும்.

கணினியில் வடித்து முப்பரிமாண பிரிண்டரில் அச்சிடுவது எளிதல்லவா?

எளிது என்று சொல்ல முடியாது. வசதி என்று சொல்லலாம். ஸீபிரஷ், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் ஆதாரப் படத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, கேமராவின் கோணத்தையும் பொருத்தி வேலை செய்யலாம். செய்த பிழையை நொடியில் நீக்கிவிடலாம். ஆனால் திரையில் தலை ஒரு பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதால், அச்சில் காணாமல் போகப்போகும் சுருக்கங்களில் நாள்களைச் செலவிடும் ஆபத்து இருக்கிறது. அடிக்கடி உண்மை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அச்சிடும்போது ரெசின் பிரிண்டரில் 0.05 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய படலத்தைத் தேர்ந்தெடுத்து, தலையைச் சாய்த்து வைத்து, அச்சாகும்போது தலையைப் பிடித்து நிற்கும் தாங்கிகள் பின்தலையிலும் கழுத்தடியிலும் மட்டும் ஒட்டும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இறுகாத ரெசின் தோலுக்குக் கெடுதல். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

சுடும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

சூப்பர் ஸ்கல்ப்பிக்கு 130 டிகிரி செல்சியஸ், ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பதினைந்து நிமிடம் என்பது கணக்கு. ஓடிஜி எனப்படும் சிறு மின்அடுப்பின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல், உள்ளே தனி வெப்பமானி ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். மூக்கு நுனியும் காது மடலும் முதலில் கருகும். அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூடி வைத்தால் தப்பும். சுட்டதும் வெளியே எடுக்காமல் அடுப்பிலேயே ஆறவிடுங்கள். திடீர்க் குளிர்ச்சியில் விரிசல் விடும். இந்தக் களிமண் பி.வி.சி. கலந்தது என்பதால் கருகினால் தீய புகை வரும். சன்னல் திறந்திருக்கட்டும், சமையலுக்குப் பயன்படும் அடுப்பையும் மைக்ரோவேவையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அச்சு எடுப்பது அவசியமா?

அவசியம் என்பேன். வடித்த மூலத் தலையின் மேல் நேரடியாக வண்ணம் பூசித் தவறினால் திரும்ப வழியில்லை. சிலிக்கோன் அச்சில் ரெசின் நகல்கள் வார்த்துக்கொண்டால் வண்ணத்தைத் தயங்காமல் பயிலலாம். இறுக வைக்கும் பொருளைக் கொண்டு சிலிக்கோனில் டின், பிளாட்டினம் என்று இரு வகை உண்டு. மூலத்தில் எபாக்சி புட்டி கலந்திருந்தால் டின் வகை பாதுகாப்பானது. பிளாட்டினம் வகை சில பொருள்கள் பட்டால் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும், குறிப்பாகக் கந்தகம் கலந்த களிமண் பட்டால். அச்சை வெட்டும் கோடு காதுக்குப் பின்னால் முடியின் வழியே செல்லட்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்து நடிகருக்கு எந்த நிறம் பூசுவது?

அதே காலத்து வண்ணப்படத்திலிருந்து தொடங்கலாம், ஆனால் அதையும் அப்படியே நம்பக்கூடாது. பழைய பிரதிகளில் நிறம் மங்கிச் சிவப்பேறியிருக்கும். ஒப்பனையும் தோலை வெளுப்பாகக் காட்டும். நம்மைச் சுற்றியுள்ள மாநிறத் தோல்களை நல்ல பகலொளியில் பார்ப்பதே சிறந்த பாடம். நெற்றி சற்று மஞ்சள் கலந்தும், மூக்கும் கன்னமும் காதும் சிவப்பு கலந்தும், மழித்த தாடையும் மேலுதடும் நீலச் சாம்பல் கலந்தும் இருக்கும். கண்ணைச் சுற்றிய தோல் மற்ற இடங்களைவிட அடர்ந்திருக்கும். இந்த வேறுபாடுகளை நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தால் மிக மெல்லிய பல படலங்களாகப் பூசுங்கள். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் தோல் அழுக்காகத் தெரியும். எரிந்த அம்பர் என்ற அடர்பழுப்பும் சிறிது கருநீலமும் போதும்.

கண்ணின் வெள்ளையைச் சுத்த வெள்ளையாக விடாமல் சிறிது சாம்பலும் பழுப்பும் கலந்து பூசுங்கள். மேல் இமையின் அடியில் ஒரு மெல்லிய கருங்கோடு நிழலாக விழட்டும். இரு கருவிழிகளும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதை உருப்பெருக்கியில் சரிபாருங்கள். முகம் முழுவதற்கும் பளபளப்பற்ற வார்னிஷ், கண்ணுக்கு மட்டும் பளபளப்பான வார்னிஷ், கீழுதட்டில் இரண்டுக்கும் இடைப்பட்டது.

தலையை உடலில் எப்படிப் பொருத்துவது?

கழுத்து முளையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே உடலை முதலில் வாங்கி, முளையை அளந்து, அதற்கேற்ற குழியைக் களிமண் நிலையிலேயே விட்டுவிடுங்கள். கட்டுமஸ்தான உடலில் நாகேஷின் தலையை வைத்தால் ஜாடை பாதி போய்விடும். குறுகிய தோளும் மெலிந்த கைகளும் கொண்ட உடலைத் தேடி, கழுத்தைத் தலையோடு சேர்த்தே வடிப்பது நல்லது.

செய்த தலையை விற்கலாமா?

உங்கள் மேசைக்காக ஒன்று செய்வதற்கும் பத்து வார்த்து விற்பதற்கும் வேறுபாடு உண்டு. பிரபலங்களின் உருவ உரிமைக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை; நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகவே அது வளர்ந்து வருகிறது. தம் பெயரும் உருவமும் பாணியும் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் 2015-இல் ஓர் இந்திப் படத்துக்குத் தடை விதித்தது. மறைந்தவர்களைப் பொறுத்தவரை, ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்கமும் சொத்தைப்போல வாரிசுகளுக்குச் சேராது என்று ஜெயலலிதாவின் வாழ்க்கைப்படம் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் 2021-இல் கூறியது. வெளிநாடுகளில் நிலைமை வேறு. கலிஃபோர்னியாச் சட்டம் மறைந்த பிரபலத்தின் உருவத்துக்கு 70 ஆண்டுகள் பாதுகாப்பு அளிக்கிறது.

சட்டம் எப்படி இருந்தாலும், விற்பனைக்கு இறங்கும் முன் நடிகரின் குடும்பத்தாரைக் கேட்டுவிடுவதே முறை. படத்தின் பெயரையும் சுவரொட்டியையும் பெட்டியில் அச்சிட நினைத்தால் தயாரிப்பு நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் தலையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிறர் வடித்த தலையை அச்செடுத்து விற்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.